வந்த வழி சொல்லும் லிங்க்

‘அடி அண்ணாமலை’ என்ற பெயரில் ஏழு எழுத்துகள் இருக்கின்றன. இந்தப் பெயரில் முடியும் ஒரு வலைமுகவரியை உலாவியிலிருந்து நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த ஏழெழுத்தும் காணாமல் போய்விடும். அவை இருந்த இடத்தில் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் ரோமன் எழுத்தும் மாறி மாறி வரும் ஒரு நீண்ட சரம் நிற்கும். எண்ணினால் சரியாக நூறு குறிகள். குடும்பக் குழுவில் அதைப் பார்த்த பெரியவர் ஒருவர், ‘இது என்ன வைரஸா, தொடலாமா?’ என்று கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், ராஜகோபுரத்துக்கு மலையின் மறுபக்கம் இருக்கும் ஊர் அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேசுவரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இந்த இடத்தில் என்பது மரபு. அவருக்கு இங்கே தனிக்கோயிலும் உண்டு. பௌர்ணமி இரவுகளில் லட்சக்கணக்கான கால்கள் இவ்வழியே நடக்கின்றன. நடப்பவர் கையிலெல்லாம் போன். வண்டி நிறுத்திய இடத்தைக் காட்டும் வரைபட லிங்க், தீபத்தன்று நேரலை லிங்க், தரிசனச் சீட்டுப் பதிவு லிங்க் என்று மலையைச் சுற்றிக் கூட்டம் நகரும்போது கூடவே லிங்குகளும் நகர்கின்றன. இந்த அத்தியாயம் அந்த லிங்கைப் பற்றியது. அது எதை எடுத்துச் செல்கிறது, எதை விட்டுவிடுகிறது, லிங்கையே விட்டுவிட்டுக் காணொளியையும் ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பும்போது நாம் எதை இழக்கிறோம் என்பதைப் பார்ப்போம்.

முதலில் அந்த நூறு.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலகின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் ஒருங்குறி 1991-இல் வந்தபோது தமிழுக்கு 2944-இலிருந்து 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ‘அ’வின் எண் 2949. ஆனால் நாம் ஓரெழுத்தாகப் பார்க்கும் ‘டி’ அங்கே இரண்டு எண்: ‘ட’வுக்கு ஒன்று, கொக்கிக்கு ஒன்று. ‘ண்’ என்பதும் இரண்டு. புள்ளிக்கும் தனி எண் உண்டு. ‘ணா’, ‘லை’ இவையும் அப்படியே. ஏழெழுத்து இப்படிப் பதினோரு எண்ணாகிறது.

அந்த எண்களைக் கம்பி வழியே அனுப்பும் முறை 1992 செப்டம்பரில் பிறந்தது. நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, மேசையில் தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் கென் தாம்சன் அதை வரைந்தார். ராப் பைக் உடன் இருந்தார். யூடிஎஃப்-8 என்று இன்று வலை முழுக்க ஓடுவது அந்த முறைதான். அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கு மூன்று வேண்டும். ‘அ’ என்பது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகளாகப் போகும். தமிழின் எந்த எழுத்தை எடுத்தாலும் முதல் பைட் 224-ஆகத்தான் இருக்கும். இரண்டாவது 174 அல்லது 175. பதினோரு எண்ணுக்கு 33 பைட்.

இத்தோடு நின்றிருந்தால் குறையில்லை. ஆனால் வலைமுகவரிக்கான இலக்கணம் 1994-இல் எழுதப்பட்டபோது, ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் முகவரியில் நேராக வரக்கூடாது என்று விதித்தார்கள். வேறு எழுத்து வந்தால் அதன் ஒவ்வொரு பைட்டையும் ஒரு விழுக்காட்டுக் குறி, அதன்பின் பதினாறடிமான எண்முறையில் இரண்டு இலக்கம் என மூன்று குறிகளாக மாற்றி எழுத வேண்டும். 33 பைட் 99 குறிகளாகும். இரு சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்குச் சில தளங்கள் ஓர் அடிக்கோடு போடும். மொத்தம் நூறு. இதே பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் பதின்மூன்றே குறிகளில் முடிந்துவிடுகிறது. உலாவி நம்மீது இரக்கப்பட்டு முகவரிப் பட்டையில் தமிழாகக் காட்டுகிறது. நகலெடுத்ததும் அந்தத் திரை விலகி உள்ளே இருப்பது வெளியே வருகிறது.

முகவரியின் தலைப்பகுதியான தளப்பெயரில் தமிழுக்கு வேறொரு வழி செய்திருக்கிறார்கள். பியூனிகோட் என்ற 2003-ஆம் ஆண்டு முறைப்படி தமிழ்ப் பெயர் ரோமன் எழுத்துச் சரமாக மாறி வலையின் பெயரேட்டில் பதிவாகும். .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் என்று முடியும் தமிழ் முகவரிகள் 2010, 2011-இலேயே ஏற்கப்பட்டுவிட்டன. அவற்றைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தமான செய்தி.

தமிழ் லிங்க் தவறும் இடம் இன்னொன்றும் உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்து, எண்ணில் இரண்டு விதமாக இருக்கலாம். ‘கொ’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒகரக் குறிக்கென்றே ஒரு தனி எண் இருக்கிறது. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டாலும் அதே ‘கொ’தான் திரையில் தெரியும். கோயில் ஊர்களில் கட்டாயம் வரும் ‘ஸ்ரீ’ இன்னும் சிக்கலானது. ஸகரத்தில் தொடங்கியும் அதை எழுதலாம். 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம். ஒருவர் ஒரு விதமாக எழுதிய முகவரியை மற்றவர் மறுவிதமாகத் தட்டச்சு செய்தால், கண் ‘சரி’ என்னும், தளத்தைத் தரும் கணினியான வழங்கி ‘அப்படி ஒரு பக்கம் இல்லை’ என்னும். நிரல் எழுதுவோர் நன்கறிந்த வேறொரு குறையும் உண்டு. செய்தியில் லிங்க் எங்கே முடிகிறது என்று கணிக்கும் விதிகள் சில, கொக்கியையும் புள்ளியையும் எழுத்தாகவே கருதுவதில்லை. அத்தகைய விதியில் சிக்கினால் ‘அடி’யின் ‘அட’வோடு லிங்க் அறுந்துவிடும்.

இந்த அசிங்கத்தையெல்லாம் மறைப்பது, லிங்கோடு வரும் சின்ன அட்டை: ஒரு படம், ஒரு தலைப்பு, ஒரு வரி விளக்கம். ப்ரிவியூ என்கிறோம். நம்மில் பெரும்பாலோர் லிங்கைப் படிப்பதே இல்லை, இந்த அட்டையைத்தான் படிக்கிறோம். ஆகவே அதை யார் எழுதுகிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எழுதுபவர் அந்தப் பக்கத்தின் உரிமையாளரே. 2010-இல் ஃபேஸ்புக் அறிமுகப்படுத்திய ஓப்பன் கிராஃப் என்ற வழக்கப்படி, ஒவ்வொரு பக்கமும் தன் தலைப்பு இது, தன் படம் இது என்று கண்ணுக்குத் தெரியாத சில வரிகளில் அறிவித்துக்கொள்கிறது. செயலி அதை அப்படியே எடுத்து ஒட்டுகிறது. உள்ளே இருப்பது அதுதானா என்று சரிபார்ப்பதில்லை. மலைத் தீபத்தின் படத்தையும் கோயிலின் பெயரையும் எந்தப் பக்கமும் தன் அட்டையில் போட்டுக்கொள்ள முடியும்.

அட்டையை எடுத்து வருவது யார் என்பது அதைவிடச் சுவையானது. 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப் செய்திகள் முழுக்க மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்கின்றன. நடுவிலிருக்கும் வழங்கியால் படிக்க முடியாது. படிக்க முடியாத லிங்குக்கு அந்த வழங்கி அட்டை தயாரிக்கவும் முடியாது. எனவே அனுப்புபவரின் போனே அந்தப் பக்கத்துக்குப் போய்ப் படத்தையும் தலைப்பையும் எடுத்து, செய்தியோடு சேர்த்துப் பூட்டி அனுப்புகிறது. தலால் ஹஜ் பக்ரி, டாமி மிஸ்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2020-இல் பல செயலிகளை ஒப்பிட்டு, சிக்னல், ஐமெசேஜ், வைபர் ஆகியவையும் இப்படியே செய்வதைக் காட்டினார்கள். வேறு சில செயலிகளில் நிறுவனத்தின் வழங்கியே பக்கத்தைத் திறந்து பார்க்கிறது. வாட்ஸ்அப் முறையில் பெறுபவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. அவர் தட்டும்வரை அந்தத் தளத்துக்கு அவரைத் தெரியாது. அனுப்புபவரைத் தெரியும். அம்புக்குறியை அழுத்தும் முன், லிங்கை ஒட்டிய அந்த நொடியிலேயே அவருடைய போன் தளத்தின் கதவைத் தட்டிவிட்டது.

அட்டையை நம்ப முடியாதென்றால் எதைப் படிப்பது? முகவரியை. தளப்பெயரின் முடிவில் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அண்ணாமலையார் கோயிலின் அரசுத் தளம் ‘அண்ணாமலையார்’ என்று தொடங்கி, அறநிலையத் துறையின் ஆங்கிலச் சுருக்கப் பெயரைத் தாண்டி, ‘டிஎன்’ புள்ளி ‘கவ்’ புள்ளி ‘இன்’ என்று முடியும். ‘கவ்.இன்’ என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டும் தரப்படுவது. இதே சொற்களைப் புள்ளிக்குப் பதில் இணைகோடு போட்டு வரிசையாக எழுதி, கடைசியில் ‘.காம்’ என்று முடித்தால், சில நூறு ரூபாய்க்கு யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். தீபத் திருவிழாச் சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் வலப்பக்கத்து இரண்டு சொற்களைப் பார்க்க ஒரு நொடிதான் ஆகும். கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் நீண்ட வால், பல தளங்களில், லிங்க் யார் கையிலிருந்து எந்த வழியாக வந்தது என்று தளம் கண்காணிப்பதற்கானது. அதை வெட்டிவிட்டு அனுப்பினாலும் பெரும்பாலும் பக்கம் திறக்கும். யூடியூபின் முழு முகவரியில் மட்டும் காணொளியின் பதினொரு குறி அடையாளம் கேள்விக்குறிக்குப் பின்தான் வருகிறது, அதை வெட்டக்கூடாது.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று பலர் லிங்கை விட்டுவிடுகிறார்கள். பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார்கள், காணொளியை இறக்கிக் கோப்பாக அனுப்புகிறார்கள். தட்டினால் உடனே ஓடும், தளத்துக்குப் போக வேண்டாம், வைரஸ் பயம் இல்லை. வாட்ஸ்அப்பில் நெடுங்காலம் காணொளிக்கு 16 மெகாபைட் வரம்பு இருந்தது. நூறு குறி லிங்கைவிட அது ஒரு லட்சத்து அறுபதாயிரம் மடங்கு பெரியது. பௌர்ணமி இரவில் செல்போன் கோபுரங்கள் திணறும் கிரிவலப் பாதையில் லிங்க் போய்ச் சேரும், காணொளி சுழன்றுகொண்டே நிற்கும். ஆனாலும் மக்கள் காணொளியையே அனுப்புகிறார்கள். எளிமைக்காகக் கொடுக்கும் விலை மெகாபைட்டில் மட்டும் இல்லை. கோப்பாக வரும் காணொளி ஒரு மொட்டைக் கடிதாசி. யார் எடுத்தது, எந்த ஊரில், எந்த ஆண்டில், முழுசா, வெட்டியதா என்பது எதுவும் அதில் இருக்காது.

அந்த விலையை இதே மாவட்டம் உயிராகக் கொடுத்தது. திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில் இருக்கிறது போளூர். அதற்கு அருகே அத்திமூர். 2018 மே 9 அன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்தது. வழி கேட்க நிறுத்திய இடத்தில், 65 வயதான அம்மா ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்கு முந்தைய வாரங்களில், பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் வந்திருப்பதாக வட மாவட்டங்களின் போன்களில் குரல்பதிவுகளும் காணொளிகளும் சுற்றிக்கொண்டிருந்தன. சாக்லேட்டைப் பார்த்தவர்கள் அதை நினைத்தார்கள். கார் தப்பிக் கிளம்பியும், முன்னால் இருந்த ஊருக்குச் செய்தி போய்விட்டது. கும்பல் அடித்ததில் அந்த அம்மா இறந்தார். உடன் வந்த நான்கு பேர் படுகாயமடைந்தார்கள். எவரும் எந்தப் பிள்ளையையும் பிடிக்கவில்லை.

அந்த ஆண்டு இந்தியாவின் பல மாநிலங்களில் இதே வதந்தி ஆட்களைக் கொன்றது. அப்போது பரவியவற்றில் மிகவும் பேசப்பட்ட ஒரு காணொளியின் கதை இந்த அத்தியாயத்தின் மையக் கருத்துக்கு நேர்ச் சான்று. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பார்த்தவர் நெஞ்சு பதறும். அது பாகிஸ்தானின் கராச்சியில், காணாமல் போகும் குழந்தைகளுக்காக உழைக்கும் ரோஷ்னி என்ற தொண்டு நிறுவனம் 2016-இல் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த வண்டி திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிடும். குழந்தையைத் தூக்கிச் செல்ல ஒரு கணம் போதும் என்று எச்சரிக்கும் பலகையைத் தூக்கிக் காட்டுவார்கள். யாரோ அந்த முடிவை வெட்டி எறிந்தார்கள். மிச்சம் எல்லை தாண்டி, மொழி தாண்டி, உள்ளூர்ச் செய்தியாகிவிட்டது. மூலப்படத்தின் லிங்காக அது பரவியிருந்தால், தட்டிய ஒவ்வொருவரும் முடிவைப் பார்த்திருப்பார்கள்; நிறுவனத்தின் பெயரை, ஊரை, ஆண்டைப் பார்த்திருப்பார்கள். லிங்கின் நடுவே ஒருவர் கத்தரி வைக்க முடியாது.

வாட்ஸ்அப் நிறுவனம் பரவலின் வேகத்தைக் குறைக்க முயன்றது. 2018 ஜூலையில், பிறர் அனுப்பியதை மீண்டும் அனுப்பினால் ‘ஃபார்வர்டட்’ என்ற குறி தெரியும்படி செய்தது. அதே மாதம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று வரம்பு வைத்தது; பிற நாடுகளில் அப்போது இருபது. ஒரு குழுவில் 256 பேர் இருக்கலாம் என்றிருந்த காலம் அது. இருபது குழுக்களுக்கு அனுப்பினால் ஒரே தட்டலில் 5,120 பேர், ஐந்தானால் 1,280. ஐவரில் ஒவ்வொருவரும் மேலும் ஐவருக்கு என்று அடுத்தடுத்த படிகளில் பெருகும்போது இந்த வித்தியாசம் பெரிதாகும். 2020 ஏப்ரலில், பல கை மாறிய செய்திகளை ஒருமுறைக்கு ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்று இறுக்கியபின், அத்தகைய செய்திகள் 70 விழுக்காடு குறைந்தன என்று நிறுவனம் அறிவித்தது. பிரேசில், இந்தியா, இந்தோனேசியா நாடுகளின் பொதுக்குழுத் தரவுகளை வைத்து ஆராய்ந்த ஒரு குழு, இந்த வரம்புகள் பரவலை வெகுவாகத் தாமதப்படுத்தும், ஆனால் மிக வேகமாகப் பற்றும் செய்தியை முழுதாகத் தடுக்காது என்று 2019-இல் கண்டது. தாமதத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. வதந்திக்கும் மறுப்புக்கும் நடுவே சில மணிநேரம் கிடைத்தால் ஓர் உயிர் மிஞ்சலாம்.

வேகத்தைக் குறைப்பது ஒன்று, வந்த வழியைக் காட்டுவது வேறொன்று. இரண்டாவது கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கோரி 2018-இல் தொடுக்கப்பட்ட வழக்கு, ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியில் வந்து நின்றது. முடியும் என்றார் சென்னை ஐஐடி பேராசிரியர் வி. காமகோடி. முதலில் அனுப்பியவரின் எண்ணைச் செய்தியோடு, வேண்டுமானால் மறையாக்கம் செய்தும், பிணைத்துவிடலாம் என்பது 2019-இல் அவர் கொடுத்த யோசனை. ஐஐடி பம்பாய் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுத்தார். கெட்டது செய்ய நினைப்பவர் செயலியை மாற்றியமைத்தோ வெளிநாட்டு எண்ணைப் பயன்படுத்தியோ நழுவிவிடுவார், மற்ற எல்லோருடைய அந்தரங்கமும் பறிபோகும் என்பது அவர் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021-இல் வந்த மத்திய அரசின் விதிகள் முதல் அனுப்புநரை அடையாளம் காட்டச் சொன்னன. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது.

இரு பேராசிரியர்களின் வாதங்களிலும் தெளிவு இருக்கிறது. என் மனம் வேறிடத்தில் நிற்கிறது. முதல் அனுப்புநரைத் தேடுவது குற்றம் நடந்தபின் காவல்துறைக்கு வேண்டியது. அத்திமூரில் அந்த நேரத்தில் கூடியவர்களுக்கு வேண்டியிருந்தது ஆளின் பெயர் இல்லை, அவர்கள் பார்த்ததின் பிறப்பிடம். அதைத் தர எவருடைய மறையாக்கத்தையும் உடைக்க வேண்டாம். லிங்க் அதைத் தானாகவே தருகிறது.

லிங்கும் பொய்யான பக்கத்துக்குக் கூட்டிப்போகலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொய்க்கு ஒரு விலாசம் உண்டு. அதை நடத்துபவரைக் கேள்வி கேட்கலாம், வழக்குப் போடலாம். தவறாக எழுதிவிட்ட நாளிதழ் தன் பக்கத்தைத் திருத்தினால், அதன்பின் லிங்கைத் தட்டும் அத்தனை பேருக்கும் திருத்தியதே தெரியும். கோப்பாகப் பிரிந்து போன பத்தாயிரம் நகல்களை எவராலும் திரும்ப அழைக்க முடியாது.

லிங்கின் உண்மையான பலவீனம் வேறு: அது செத்துப்போகும். 2013-இல் வலையில் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப்பின் திறக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கிட்டது. 2009-இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது, அங்கே இலவச இடம் எடுத்துத் தமிழர்கள் கட்டிய பக்கங்களும் சேர்ந்து போயின. நூறு குறித் தமிழ் முகவரியைச் சுருக்கப் பலர் நாடிய சுருக்கிகளும் நிலையானவை அல்ல. சுருக்கிய லிங்க் பிறப்பிடத்தை மறைக்கிறது. சுருக்கித் தந்த நிறுவனம் கடையைக் கட்டினால் பாதையும் அழிகிறது. கூகுள் தன் சுருக்கியில் புதிய லிங்க் தருவதை 2019-க்குள் முழுதாக நிறுத்தியது. நெடுநாளாக யாரும் தொடாத பழையவற்றை 2025 ஆகஸ்டில் செயலிழக்கச் செய்தது.

இதற்கு மருந்து 1996 முதல் இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க நூலகம் வலைப்பக்கங்களை எடுத்து வைக்கிறது. அதன் வேபேக் மெஷினில் எந்தப் பக்கத்தின் முகவரியையும் நாமே கொடுத்துச் சேமிக்கச் சொல்லலாம், காசில்லை. கோயில் வரலாறோ ஊர்ச் செய்தியோ, முக்கியமானது என்று நினைக்கும் தமிழ்ப் பக்கத்தைக் குழுவில் போடும் முன் அங்கே ஒருமுறை சேமித்துவிட்டு, கிடைக்கும் புது லிங்கையும் சேர்த்துப் போடுங்கள். அந்த லிங்கின் நடுவில் பதினான்கு இலக்கம் இருக்கும். முதல் நான்கு ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், பிறகு தேதி, மணி, நிமிடம், நொடி, எல்லாம் உலகப் பொது நேரப்படி; இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். மூலத் தளம் மூடிப்போன பிறகும், அந்த நொடியில் அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பது அதைத் தட்டினால் கிடைக்கும்.